ஆறாத கால் புண்ணுக்கு பெப்டைட் ஜெல்: பெரம்பலூர், அரியலூர் எதற்குக் காத்திருக்கலாம், எதற்குக் காத்திருக்கக் கூடாது?

நம் வீடுகளில் முதலுதவிப் பெட்டி என்று தனியாக இல்லாவிட்டாலும், டிவி ஸ்டாண்ட் டிராயரில் ஒரு நியோஸ்போரின் ட்யூபோ பவுடர் டப்பாவோ கிடக்கும். அதன் பின்பக்கம் பொடி எழுத்தில் மூன்று பெயர்கள் இருக்கும்: பாலிமிக்சின் பி, பேசிட்ராசின், நியோமைசின். இவற்றில் முதல் இரண்டும் பெப்டைடு வகை மருந்துகள். பெப்டைடு என்பது வேறொன்றுமில்லை, புரதத்தின் குட்டித் துண்டு. ஆக, 'கிருமியைக் கொல்லும் பெப்டைடைக் காயத்தின் மேல் தடவுவது' என்பது நமக்குப் புது விஷயமே இல்லை.

அப்படியென்றால், "எந்த மருந்துக்கும் அடங்காத கிருமியை அழிக்கும் பெப்டைட் ஜெல்" என்று சமீப ஆண்டுகளில் அடிக்கடி வரும் ஆய்வுச் செய்திகளில் என்னதான் புதுசு? அது நம் ஊர் ஆஸ்பத்திரிக்கு வருமா? சுகர் இருக்கும் அப்பாவின் கால் புண்ணுக்கு உதவுமா? நிதானமாகப் பார்ப்போம்.

ஏன் பெரம்பலூர், அரியலூர்?

பெரம்பலூர் என்றால் மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம். அரியலூர் என்றால் சுண்ணாம்புக்கல் சுரங்கம், சிமென்ட் ஆலை, ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கம் முந்திரிக்காடு. இரண்டுமே காலால் உழைக்கும் மாவட்டங்கள். அறுவடை முடிந்த காட்டில் மக்காச்சோளத் தட்டையின் அடிக்கட்டை ஈட்டி மாதிரி நிற்கும். பருத்திமார் குத்தும். சுரங்கத்தில் கல் சில்லு தெறிக்கும். காலில் காயம் படாத ஆள் இங்கே குறைவு.

இதோடு சர்க்கரை நோயும் சேர்கிறது. ஐ.சி.எம்.ஆர் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான தேசிய ஆய்வின்படி தமிழ்நாட்டில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். நாட்டின் சராசரி 11.4 சதவீதம். சுகர் பல வருடம் கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் பாதத்தின் உணர்ச்சி மரத்துப்போகும், ரத்த ஓட்டமும் குறையும். முள் குத்தினாலும் தெரியாது. தெரியும்போது புண் ஆழமாகியிருக்கும்.

அதற்கு அப்புறம் நடப்பது எல்லாருக்கும் தெரிந்த கதைதான். முதலில் மெடிக்கல் ஷாப்பில் மூணு நாள் மாத்திரை. கொஞ்சம் வற்றினதும் நிறுத்திவிடுவார்கள். திரும்ப சீழ் வைத்ததும் வேறொரு கடையில் வேறொரு மாத்திரை. பிறகு ஜி.ஹெச். அங்கிருந்து 'திருச்சிக்குக் கொண்டு போங்க'. பெரம்பலூரிலிருந்து திருச்சி சுமார் 60 கி.மீ. அங்கே போய்ச் சேரும்போது கேள்வி 'புண் எப்போ ஆறும்?' என்பதிலிருந்து 'விரலோடு போகுமா, முழங்கால் வரைக்கும் போகுமா?' என்று மாறியிருக்கும். கூலி வேலை செய்யும் குடும்பத்தில் ஒரு கால் போவது என்றால் அந்த வீட்டின் வருமானமே போவது.

மருந்துக்கு அடங்காத கிருமி எவ்வளவு பெரிய பிரச்சினை?

உலக அளவில் 2019-இல் மட்டும் மருந்து எதிர்ப்பு பாக்டீரியாக்கள் நேரடியாக 12.7 லட்சம் உயிர்களைப் பறித்தன என்று லான்செட் இதழ் 2022-இல் வெளியிட்ட ஆய்வு கணக்கிட்டது.

நம் நாட்டு நிலவரத்தை ஐ.சி.எம்.ஆர் கண்காணிப்பு அறிக்கை சொல்கிறது. இமிபெனெம் என்பது சாதாரண ஆன்டிபயாட்டிக்குகள் கைவிட்ட பிறகு டாக்டர்கள் எடுக்கும் பெரிய ஆயுதம். 2017-இல் ஈ.கோலை மாதிரிகளில் 81.4 சதவீதம் அந்த மருந்துக்குக் கட்டுப்பட்டன. 2023-இல் அது 62.7 சதவீதம். கிளெப்சியெல்லா என்ற கிருமியில் 58.5-இலிருந்து 35.6-க்கு விழுந்திருக்கிறது. ஆறே வருடத்தில் நடந்த சரிவு இது. இவை பெரும்பாலும் பெரிய மருத்துவமனைகளின் கணக்கு என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

தமிழ்நாட்டுக்கு இந்த விஷயத்தில் ஒரு வரலாறே உண்டு. என்.டி.எம்-1 என்ற எதிர்ப்பு மரபணு எவ்வளவு பரவியிருக்கிறது என்று 2010-இல் உலகத்துக்கு எச்சரித்த ஆய்வின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. 2012-இல் மருத்துவச் சங்கங்கள் ஒன்றுகூடி ஆன்டிபயாட்டிக் பயன்பாட்டுக்கு ஒரு செயல்திட்டம் வகுத்ததும் சென்னையில்தான். அதற்குப் பெயரே 'சென்னை பிரகடனம்'.

பெப்டைடு எப்படி வேலை செய்கிறது?

1987-இல் அமெரிக்க ஆய்வாளர் மைக்கேல் சாஸ்லாஃப் ஒரு விஷயத்தைக் கவனித்தார். ஆய்வகத்தில் ஆபரேஷன் செய்த ஆப்பிரிக்கத் தவளைகளைக் கலங்கிய தண்ணீரிலேயே திரும்ப விட்டாலும், தையல் போட்ட இடம் சீழ் பிடிக்கவில்லை. தேடிப் பார்த்ததில், தவளையின் தோலே கிருமிக்கொல்லி பெப்டைடுகளைச் சுரப்பது தெரிந்தது. கேடயம் என்று பொருள்படும் எபிரேயச் சொல்லிலிருந்து அதற்கு 'மகைனின்' என்று பெயர் வைத்தார்.

நம் உடம்பிலும் இப்படி உண்டு. எல்.எல்-37 என்ற பெப்டைடை நம் தோலும் வெள்ளை அணுக்களும் தயாரிக்கின்றன. இந்தியாவிலும் இந்தத் துறை புதிதில்லை. ஹைதராபாத் சி.சி.எம்.பி-யில் ஆர்.நாகராஜ் பல ஆண்டுகள் இந்த பெப்டைடுகளை ஆராய்ந்தவர்.

சிம்பிளாகச் சொன்னால் விஷயம் இதுதான். பாக்டீரியாவின் வெளிச்சவ்வில் எதிர்மின்னூட்டம் அதிகம். இந்த பெப்டைடுகளில் பெரும்பாலானவற்றுக்கு நேர்மின்னூட்டம். காந்தம் மாதிரி போய் ஒட்டிக்கொண்டு, சவ்வில் ஓட்டை போட்டுவிடும். உள்ளே இருப்பது கசிந்து கிருமி செத்துவிடும். வழக்கமான ஆன்டிபயாட்டிக் கிருமிக்குள் இருக்கும் ஒரு குறிப்பிட்ட பூட்டைக் குறிவைக்கும். கிருமி அந்தப் பூட்டை மட்டும் மாற்றிக்கொண்டால் தப்பித்துவிடும். சவ்வு முழுவதையும் மாற்றிக்கொள்வது அவ்வளவு சுலபமில்லை. அதனால்தான் விஞ்ஞானிகளுக்கு இதில் இவ்வளவு ஆசை.

சரி, மாத்திரையாகவே கொடுக்கலாமே? எதுக்கு ஜெல்?

பெப்டைடு புரதத்தின் துண்டு என்று பார்த்தோம். மாத்திரையாக விழுங்கினால் வயிறு அதைச் சாம்பார் பருப்பு மாதிரி ஜீரணித்துவிடும். ஊசியாகப் போட்டால் ரத்தத்தில் இருக்கும் நொதிகள் வெட்டித் தள்ளும். அளவைக் கூட்டினால் சிறுநீரகத்தையோ ரத்த அணுக்களையோ பாதிக்கலாம். காயத்தின் மேல் அப்படியே தெளித்தாலும் வழிந்துவிடும், சீழில் இருக்கும் நொதிகளும் விட்டுவைக்காது.

இங்கேதான் ஜெல் உதவுகிறது. சப்ஜா விதையைத் தண்ணீரில் போட்டால் சுற்றிலும் ஒரு வழவழப்பான உறை உப்பி வரும் இல்லையா, ஹைட்ரோஜெல் என்பதும் அதே மாதிரிதான். தண்ணீரைப் பிடித்து வைக்கும் நுண்ணிய வலை. அந்த வலைக்குள் பெப்டைடை வைத்தால் மூன்று நன்மை. மருந்து காயத்திலேயே தங்கும். கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். காயமும் ஈரப்பதத்தோடு இருக்கும். ரத்தத்தில் கலப்பது குறைவு என்பதால், ஊசியில் கொடுக்க முடியாத அளவு செறிவைப் புண் இருக்கும் இடத்தில் மட்டும் கொடுக்கலாம்.

நாள்பட்ட புண்களில் இது ரொம்ப முக்கியம். அங்கே கிருமிகள் தனித்தனியாக இருப்பதில்லை. குளத்துப் படிக்கட்டில் பாசி படிவது போல, பசைப் படலம் கட்டிக் கூட்டமாக வாழும். அதை பயோஃபிலிம் என்கிறார்கள். ரத்த ஓட்டம் குறைந்த காலுக்கு மாத்திரை மருந்து போய்ச் சேருவதே கஷ்டம். சேர்ந்தாலும் இந்தப் படலத்தைத் தாண்டுவது அதைவிடக் கஷ்டம்.

இந்த வலையை இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசான், கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட் போன்ற பல பொருட்களில் பின்னலாம். ஆனால் அதிலும் சிக்கல் உண்டு. ஆல்ஜினேட்டுக்கு எதிர்மின்னூட்டம் என்பதால் பெப்டைடு ஜெல்லிலேயே ஒட்டிக்கொண்டு வெளியே வராமல் போகலாம். ஸ்வீடனின் சால்மர்ஸ் பல்கலைக்கழகத்தில் இதற்கு நேர்மாறாக யோசித்தார்கள். பெப்டைடை ஜெல்லின் மேல்பரப்பில் நிரந்தரமாகவே பிணைத்து, தொடும் கிருமியைக் கொல்லும் ஒட்டுத் துணி மாதிரி செய்தார்கள்.

மனிதர்களிடம் சோதித்தார்களா? என்ன ஆச்சு?

செய்திகளில் பெரும்பாலும் விடுபடும் பகுதி இதுதான்.

மகைனினை மாற்றியமைத்து பெக்ஸிகனான் என்ற பெப்டைடை உருவாக்கி, கிரீம் ஆக்கினார்கள். குறிவைத்தது சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணை. 835 பேரிடம் நடந்த சோதனையில், ஆஃப்ளாக்சசின் மாத்திரைக்குக் கிட்டத்தட்ட இணையாக இந்தக் கிரீம் வேலை செய்தது. மாத்திரை எடுத்தவர்களில் சிலரிடம் மருந்து எதிர்ப்பு தலைகாட்டியது. கிரீம் போட்டவர்களிடம் சொல்லும்படியான எதிர்ப்பு வரவில்லை. ஆனாலும் 1999-இல் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ அனுமதி மறுத்தது.

மறுபடி முயன்றார்கள். இந்த முறை ஒரு தரப்புக்கு பெக்ஸிகனான் கிரீம், இன்னொரு தரப்புக்கு மருந்தே இல்லாத வெறும் கிரீம். இரண்டு தரப்புக்கும் புண்ணைச் சுத்தம் செய்வது உள்ளிட்ட முறையான பராமரிப்பு. 2016-இல் முடிவு வந்தது: மருந்து கிரீம், வெறும் கிரீமைவிட மேலானது என்று நிரூபணமாகவில்லை.

எல்.எல்-37 கதையும் இதை ஒட்டியதே. காலில் ரத்தக்குழாய் பிரச்சினையால் வரும் புண் உள்ள 34 பேரிடம் ஸ்வீடனில் நடந்த முதல் சோதனை (2014) நம்பிக்கை தந்தது. அதிலும் அதிக அளவு மருந்தைவிடக் குறைந்த அளவுதான் நல்ல பலன் கொடுத்தது. அடுத்து ஸ்வீடனிலும் போலந்திலும் நடந்த பெரிய சோதனையில், எல்லா நோயாளிகளையும் சேர்த்துப் பார்த்தபோது எதிர்பார்த்த வித்தியாசம் தெரியவில்லை.

"அப்போ எல்லாம் வேஸ்ட்டா?" என்று கேட்கலாம். இல்லை. பெக்ஸிகனான் சோதனைகள் லேசான தொற்று உள்ள புண்களில் நடந்தவை. முறையாகப் பராமரித்தாலே அவற்றில் பல ஆறிவிடும். அதனால் மருந்தின் கூடுதல் பலனைக் காட்டுவது கடினம். எந்த மாத்திரைக்கும் அடங்காத கிருமி குடியேறிய புண்ணில் இந்த மருந்துகள் என்ன செய்யும் என்ற கேள்விக்கு அந்தச் சோதனை பதில் சொல்லவில்லை. நம் ஊருக்குத் தேவைப்படும் பதில் அதுதான்.

அதே சமயம், அந்தச் சோதனை தற்செயலாக இன்னொரு உண்மையை வெளிச்சம் போட்டது. ஒழுங்கான புண் பராமரிப்பே பெரிய வைத்தியம். வேப்பந்தட்டையிலோ செந்துறையிலோ உள்ள ஒரு நோயாளிக்கு அந்தப் பராமரிப்பு முழுதாகக் கிடைக்கிறதா என்பதுதான் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

ஜெல்லால் முடியாதது என்ன?

எலும்பு வரை போன தொற்றை மேலே தடவும் ஜெல் எட்டாது. ரத்தத்தில் கலந்த தொற்று, நிமோனியா, சிறுநீர்த் தொற்று ஆகியவற்றுக்கும் இது மருந்தில்லை. ரத்தக்குழாய் அடைத்திருந்தால் எந்த ஜெல் போட்டாலும் புண் ஆறாது. செலவும் ஒரு தடை. பெப்டைடை ஆய்வகத்தில் ஒவ்வொரு அமினோ அமிலமாகக் கோத்துச் செய்ய வேண்டும். அப்புறம் அதைக் குளிர்ச்சியில் வைக்க வேண்டியிருந்தால், பெரம்பலூரின் மே மாத வெயிலில் ஒரு கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையம் வரை அது கெடாமல் போக வேண்டும்.

எதிர்ப்பே வராது என்று நினைப்பதும் தப்பு. இங்கேதான் நம் சொந்த அனுபவம் பேசுகிறது.

ஏற்கெனவே ஒரு பெப்டைடை வீணடித்திருக்கிறோம்

கொலிஸ்டின் என்ற மருந்தும் பெப்டைடு வகைதான், நியோஸ்போரினில் உள்ள பாலிமிக்சின் பி-யின் நெருங்கிய சொந்தம். சிறுநீரகத்துக்குக் கெடுதல் என்று ஓரம்கட்டப்பட்டிருந்த அதை, வேறு வழியில்லாமல் ஐ.சி.யூ-க்களில் கடைசி மருந்தாகத் திரும்ப எடுத்தார்கள். அதே கொலிஸ்டினைத்தான் இன்னொரு பக்கம் கோழிகளுக்குத் தீவனத்தில் கலந்து, எடை கூடுவதற்காகக் கொடுத்துக்கொண்டிருந்தோம். 2015-இல் சீனாவில், கொலிஸ்டினை எதிர்க்கும் மரபணு ஒரு கிருமியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது கண்டுபிடிக்கப்பட்டது. உணவுக்காக வளர்க்கும் கால்நடை, கோழிகளுக்குக் கொலிஸ்டின் கொடுப்பதை இந்தியா தடை செய்தது 2019 ஜூலையில்.

பெரம்பலூர் மக்காச்சோளம் நாமக்கல் பக்கம் கோழித் தீவனமாகப் போகிறது. காடு, தீவனம், கோழி, ஆஸ்பத்திரி எல்லாம் ஒரே சங்கிலி. கிருமிக்கு மாவட்ட எல்லை கிடையாது.

ஆகவே, நாளைக்கே ஒரு நல்ல பெப்டைட் ஜெல் வந்தாலும், அதையும் சீட்டில்லாமல் கடையில் வாங்கி முகப்பருவுக்கும் கொசுக்கடிக்கும் தடவ ஆரம்பித்தால், சில வருடங்களில் அதுவும் பழைய மருந்தாகிவிடும். ஆன்டிபயாட்டிக்குகளைச் சீட்டோடு மட்டுமே விற்க வேண்டும், பதிவேட்டில் எழுத வேண்டும் என்ற அட்டவணை ஹெச்-1 விதி 2014 மார்ச்சிலேயே அமலுக்கு வந்துவிட்டது. 24 ஆன்டிபயாட்டிக்குகள் அப்போதே அந்தப் பட்டியலில் இருந்தன. விதி இருக்கிறது, கடை கவுன்ட்டரில் அது தெரிவதில்லை.

நம் நிலைப்பாடு

பெப்டைட் ஜெல் ஆராய்ச்சியை ஆதரிக்க வேண்டும். அதற்கான நோயாளிகளும் தேவையும் இருக்கும் இடத்தில் சோதனை நடக்க வேண்டும். அரியலூரில் 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பக்கத்திலேயே திருச்சி, தஞ்சாவூர் அரசு மருத்துவக் கல்லூரிகள். மருந்து எதிர்ப்புக் கிருமி உறுதியான கால் புண்களில், இந்திய ஆய்வகங்களின் ஜெல்களை முறையான அனுமதியோடு சோதிக்க இந்த மூன்றையும் இணைத்த ஒரு மையம் உருவாகலாம். ஒப்புதல் படிவம் நோயாளிக்குப் புரியும் தமிழில் இருக்க வேண்டும். சோதனை வெற்றி பெற்றால், பங்கேற்றவர்களுக்கும் இந்த மாவட்டத்துக்கும் அந்த மருந்து எட்டும் விலையில் கிடைக்க வேண்டும். 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மொத்தமாகக் கொள்முதல் செய்து விலையைக் குறைக்கலாம் என்று நாட்டுக்கே காட்டியது. அந்த பலத்தை இதிலும் பயன்படுத்தலாம்.

ஆனால் ஜெல் வரும்வரை கால்கள் காத்திருக்காது. இன்றைக்கே செய்ய வேண்டியவை மூன்று.

ஒன்று, கல்ச்சர் டெஸ்ட். புண்ணில் எந்தக் கிருமி, அது எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று சொல்லும் இந்தப் பரிசோதனை தாலுகா மருத்துவமனையில் மாதிரி எடுத்தாலும் நடக்க வேண்டும், முடிவு சில நாளில் நோயாளியின் போனுக்கே வர வேண்டும். எந்தக் கிருமி என்றே தெரியாமல் மருந்து கொடுப்பது இருட்டில் கல்லெறிவது.

இரண்டு, வீடு தேடி வரும் பாதப் பரிசோதனை. 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்கள் சுகர் மாத்திரை கொடுக்க வீட்டுக்கே போகிறார்கள். அதே நேரத்தில் செருப்பைக் கழற்றச் சொல்லிப் பாதத்தைப் பார்ப்பதும், மரத்துப்போயிருக்கிறதா என்று சோதிப்பதும் கட்டாயமாகட்டும். பாதம் மரத்தவர்களுக்கு எம்.சி.ஆர் செருப்பு உள்ளூரிலேயே கிடைக்கட்டும்.

மூன்று, மருந்துக்கடைகளில் ஹெச்-1 விதி உண்மையிலேயே அமலாகட்டும். ஆனால் இதை மட்டும் தனியாகச் செய்தால், டாக்டரைப் பார்க்க ஒரு நாள் கூலியை இழக்கும் ஆளுக்குத்தான் அது தண்டனையாகும். மாலை நேர அரசு கிளினிக்கும் கூடவே வர வேண்டும்.

நீங்கள் செய்யக்கூடியது

சென்னையிலோ பெங்களூருவிலோ வேலை பார்த்துக்கொண்டு, அப்பா அம்மா ஊரில் இருக்கிறார்கள் என்றால், அடுத்த முறை போகும்போது அவர்கள் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். விரல் இடுக்கு, குதிகால், நகக்கண் எல்லாவற்றையும். நேரில் போக முடியாவிட்டால் வீடியோ காலில் காட்டச் சொல்லுங்கள்.

புண்ணில் காபித்தூள், சுண்ணாம்பு, மஞ்சள் அப்பக் கூடாது. மரத்த காலை வெந்நீரில் வைக்கவே கூடாது, சூடு தெரியாமல் வெந்துவிடும். சர்க்கரை நோயாளியின் கால் புண்ணுக்கு நீங்களாகவே ஆன்டிபயாட்டிக் ஆயின்ட்மென்ட் போட்டுச் சமாளிக்க வேண்டாம். சிவப்பு பரவினால், நாற்றம் வந்தால், கறுத்தால், காய்ச்சல் அடித்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. டாக்டரிடம் "கல்ச்சர் எடுக்கணுமா சார்?" என்று கேட்பதில் தப்பே இல்லை. எழுதிக் கொடுத்த மருந்தை அவர் சொன்ன நாள் வரை சாப்பிட வேண்டும்.

தவளைத் தோலில் கேடயத்தைக் கண்டுபிடித்து கிட்டத்தட்ட 40 வருடம் ஆகப்போகிறது. அது ஒரு ஜெல்லாக நம் ஊர் மருந்து அலமாரிக்கு வர இன்னும் சில வருடம் ஆகலாம். அதுவரை நம் ஊர்க்காரர்களின் கால்களைக் காப்பாற்றப் போவது சோப்பும் சுத்தமான தண்ணீரும், நேரத்துக்கு ஒரு டெஸ்ட்டும், பொருத்தமான ஒரு ஜோடி செருப்பும்தான். இவற்றுக்கு எந்த எஃப்.டி.ஏ அனுமதியும் தேவையில்லை. மாவட்ட நிர்வாகமும் சுகாதாரத் துறையும் மனசு வைத்தால் அடுத்த அறுவடைக்குள் தொடங்கிவிடலாம்.